காட்டுக்குள் புல் இருந்தால்தான் வயலில் கதிர் மிஞ்சும்

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. அன்றிலிருந்து காட்டோரக் கிராமங்களில் எந்தப் பயிற்சிக் கூட்டத்துக்குப் போனாலும் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க ஊருக்கு இது பொருந்துமா சார்?"

தாளவாடி, ஆசனூர், கடம்பூர், பர்கூர் போன்ற மலைப்பகுதிகளில் பெரும்பாலான ஊர்களுக்கு இது பொருந்தாது. அப்படியானால் அங்குள்ள விவசாயிக்கு என்ன வழி? பன்றியும் யானையும் ஏன் வயலுக்கு வருகின்றன, காட்டுக்குள் என்ன மாறியிருக்கிறது, நம் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். சொல்லப்படும் செய்திகளில் பெரும்பாலானவை ஓசூர், தருமபுரி, கோவை, நீலகிரி, தேனி காட்டோரங்களுக்கும் பொருந்தும்.

அரசின் முடிவு சொல்வது என்ன?

காப்புக்காட்டு எல்லையில் இருந்து உள்ள தூரத்தை வைத்து மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் பகுதி, காட்டு எல்லையில் இருந்து 1 கி.மீ. வரை. இங்கே பன்றியைச் சுட அனுமதி இல்லை.

இரண்டாவது, 1 கி.மீ. முதல் 3 கி.மீ. வரை. இங்கே வனத்துறையினர் பன்றியைப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடுவார்கள்.

மூன்றாவது, 3 கி.மீ.க்கு அப்பால். இங்கே பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் மட்டும் சுடலாம். அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் அடங்கிய கிராம அளவிலான குழு நிலைமையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும்.

எந்தப் பகுதியிலும் விவசாயி தானே சுடவோ, சுருக்கு வைக்கவோ, நாட்டு வெடி வைக்கவோ அனுமதி இல்லை. இறந்த பன்றியின் இறைச்சியை எடுப்பதும் குற்றம். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

காட்டுக்குப் பக்கத்தில் ஏன் சுடக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் பன்றி இரை. காட்டோரத்தில் இரையை ஒழித்தால் சிறுத்தையின் பார்வை நம் ஆட்டுப் பட்டியின் மேல் விழும். மூன்று பகுதிகளாகப் பிரித்ததற்கு அடிப்படை இதுதான்.

சுட்டால் மட்டும் குறையுமா?

காட்டுப்பன்றிக்குச் சினைக்காலம் நான்கு மாதத்துக்குள்தான். ஒரு ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். தீவனமும் மறைவிடமும் இருந்தால் போன பன்றியின் இடத்தை அடுத்த கூட்டம் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் 2022 முதலே உள்ளாட்சித் தலைவர்கள் பன்றியைச் சுட உத்தரவிடலாம். அங்கும் பன்றித் தொல்லை தீர்ந்துவிடவில்லை.

மதுரை, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் காடே இல்லாத ஊர்களில் பன்றி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கண்மாய்க்குள்ளும் வரத்து வாய்க்காலிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக் கருவேலம் புதர்தான் அதற்கு வீடு. பகலில் புதருக்குள் படுத்துவிட்டு ராத்திரி மக்காச்சோளத்துக்குள் இறங்குகிறது. புலி கிடையாது, செந்நாய் கிடையாது. பக்கத்திலேயே தீவனம், தண்ணீர், நிழல். இனம் பெருகாமல் என்ன செய்யும்?

சமவெளியோ மலையோ, விலங்கை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: தீவனம் எங்கே இருக்கிறது, மறைவிடம் எங்கே இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றாமல் துப்பாக்கியையும் வேலியையும் மட்டும் நம்பினால் செலவுதான் கூடும்.

காட்டுக்குள் என்ன நடக்கிறது?

சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. பரப்பு சுமார் 1,408 சதுர கி.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேரும் இடம் இது. ஒரு பக்கம் முதுமலை, பந்திப்பூர்; இன்னொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை, மாதேஸ்வரன் மலை. யானைக் கூட்டங்கள் பருவத்துக்குப் பருவம் இந்தக் காடுகள் எல்லாவற்றையும் கடந்து போகின்றன. புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்புக்கு மேல் உயர்த்தியதற்காக 2022இல் பன்னாட்டு விருதான 'டி.எக்ஸ் 2' இந்தக் காப்பகத்துக்குக் கிடைத்தது. காவிரி தெற்கு சரணாலயம் 2022இலும், பர்கூர் மலையில் தந்தை பெரியார் சரணாலயம் 2024இலும் அறிவிக்கப்பட்டன. வரைபடத்தில் பார்த்தால் பாதுகாக்கப்பட்ட காடு கூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் யானைகளின் எண்ணிக்கையும் 2023 கணக்கெடுப்பில் 2,961ஆக இருந்தது, 2025இல் 3,170 ஆகியிருக்கிறது.

ஆனால் காட்டின் பரப்பு வேறு, அதற்குள் இருக்கும் தீவனம் வேறு. பச்சையாகத் தெரிவதெல்லாம் மேய்ச்சல் ஆகாது. யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும். புள்ளிமான், காட்டெருமை எல்லாம் புல்லை நம்பி வாழ்பவை. அந்தப் புல் முளைக்க வேண்டிய தரையைத்தான் உண்ணிச்செடி மூடிவிட்டது.

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் காடெங்கும் போடுகின்றன. இலையில் நஞ்சு இருப்பதால் மாடும் மானும் மேய்வதில்லை. வறட்சியில் பசி தாங்காமல் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகிவிடும். புதருக்கு அடியில் வெளிச்சம் விழாது, புல் முளைக்காது, மரக்கன்றும் எழாது. கோடையில் காய்ந்த புதர் தீயைத் தரையில் இருந்து மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. தீ அணைந்த பிறகு முதலில் துளிர்ப்பதும் அதே உண்ணிச்செடிதான்.

தாளவாடியை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் 1997இல் அளந்த இடங்களையே ஆய்வாளர்கள் 2008இல் மீண்டும் அளந்தார்கள். 11 ஆண்டுகளில் உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் இரண்டு மடங்கு ஆகியிருந்தன. அதன் தண்டுகளின் அடர்த்தி நான்கு மடங்கு ஆகியிருந்தது. அந்த மலையின் சோளகர் பெரியவர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். முன்பு கோடையின் தொடக்கத்தில், சருகு குறைவாக இருக்கும்போதே, தரையோடு போகும் சிறு தீ வைப்பார்கள். அது உண்ணிச்செடியின் இளங்கன்றைக் கருக்கிவிடும், புல் மறுபடி துளிர்க்கும். அந்த வழக்கம் சட்டத்தால் நின்ற பிறகுதான் புதர் பெருகியது என்பது அவர்கள் கணிப்பு. இன்று புதர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. இந்த நிலையில் தீ வைத்தால் காடே போய்விடும். ஆகவே யாரும் தீ வைக்கக் கூடாது. ஆனால் காட்டை நேரில் பார்த்து வளர்ந்தவர்களின் அறிவைக் கேட்டுத் திட்டம் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

உண்ணிச்செடி போதாது என்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மஞ்சள் கொன்றை என்று சொல்லப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் பரவுகிறது. இதை நம் ஊர்ச் சரக்கொன்றையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சரக்கொன்றையின் பூ சரமாகத் தொங்கும். இந்த மரத்தின் பூக்கொத்து மேல்நோக்கி நிற்கும். வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து பல கிளைகள் கிளம்பிவிடும். இதன் அடியிலும் புல் வளராது.

களை எடுப்பது எப்படி?

அயல் களைகளை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்தப் பணியைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. மஞ்சள் கொன்றை மரத்தைக் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு நடந்தது. உண்ணிச்செடித் தண்டைக் கொண்டு கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் செய்த யானை உருவங்கள் வெளிநாடுகள் வரை போயிருக்கின்றன. களையிலும் கூலி உண்டு என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் எத்தனை ஏக்கரில் வெட்டினோம் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உண்ணிச்செடியை இடுப்பளவில் வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை எளிமையானது.

1. மண்ணுக்குக் கீழே சில செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். துளிர் கிளம்பும் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது.

2. வெட்டிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும்.

3. பழம் பிடிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

4. பறவைகள் அமரும் மரங்களுக்கு அடியில் முளைக்கும் நாற்றுகளை அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் தொடர்ந்து பிடுங்க வேண்டும்.

5. வெறுந்தரையாக விடாமல் உள்ளூர்ப் புல் விதையைத் தூவ வேண்டும்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் வேலையின் உயிர். முதல் ஆண்டு வெட்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, இரண்டாம் ஆண்டு நாற்றுப் பிடுங்க ஆள் இல்லாமல் விட்டால் செலவு வீண். கிராம சபையில் கேள்வி கேட்கும்போது "எவ்வளவு வெட்டினீர்கள்" என்பதோடு நிறுத்த வேண்டாம். "போன வருடம் வெட்டிய இடத்தில் இப்போது புல் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

இதே முறையை உங்கள் வரப்பிலும் ஓடை ஓரத்திலும் இருக்கும் உண்ணிச்செடிக்கு நீங்களே செய்யலாம். காப்பகத்துக்குள் களை எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். சூழல் மேம்பாட்டுக் குழு வழியாக ஊர் மக்களுக்கே அந்தக் கூலி வேலையைத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக உரிமை பெற்ற ஊர்களில் காட்டைப் பேணும் பொறுப்பும் அதிகாரமும் கிராம சபைக்கே உண்டு.

யானை விஷயம் வேறு

காட்டில் புல் வந்துவிட்டால் யானை வராது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களின் தொடக்கத்தில் இதே சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகளில் கணக்கெடுத்தார். வளர்ந்த ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் பயிருக்குள் இறங்கியது. கூட்டமாகத் திரியும் பெண் யானைகளோ சராசரியாக 8 இரவுகள்தான். கதிர் பிடித்த ராகியில் காட்டுப் புல்லைவிடப் புரதமும் உப்புச் சத்துகளும் கூடுதல். ஆபத்து என்றாலும் ஆண் யானை அதைத் தேடி வருகிறது.

இதில் இருந்து இரண்டு பாடங்கள். கூட்டமாக வரும் யானைகளையும், மான், பன்றி வரத்தையும் காட்டுக்குள் இருக்கும் தீவனமும் தண்ணீரும் குறைக்கும். பயிர் ருசி கண்ட தனி ஆண் யானைக்கு முன்னெச்சரிக்கையும் நல்ல வேலியும்தான் வேண்டும்.

பிடித்து வேறு காட்டில் விடுவது கடைசி வழி. தாளவாடிப் பகுதி விளைநிலங்களில் சுற்றிய 'கருப்பன்' 2023 ஏப்ரலில், பல முயற்சிகளுக்குப் பிறகுதான் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. அதே மாதம் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட 'அரிக்கொம்பன்' ஒரு மாதத்துக்குள் தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. அதை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு யானைக்கே இவ்வளவு பாடு.

தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஊருக்கு அரை கிலோமீட்டரில் தொட்டி கட்டினால் யானையை நாமே வயலுக்கு அழைப்பது போல ஆகும். காட்டின் உட்பகுதியில் கட்டும்படி கேட்க வேண்டும்.

வேலியில் உயிரை வைக்காதீர்கள்

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். விலங்கு மட்டும் இல்லை, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இப்படிப்பட்ட கம்பியில் இறந்திருக்கிறார்கள்.

மின் கம்பத்தில் இருந்து கொக்கி போட்டோ, மோட்டார் இணைப்பில் இருந்து நேராகவோ கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். சூரிய மின்வேலி அப்படி இல்லை. அது ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அதிர்ச்சி கொடுத்து விலகிவிடும். விலங்கு பயந்து திரும்பும், உயிர் போகாது.

இப்போது தமிழ்நாடு மின்வேலிகள் விதிகள், 2023 நடைமுறையில் உள்ளன. காப்புக்காட்டில் இருந்து 5 கி.மீ.க்குள் சூரிய மின்வேலி போட மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். கருவி இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விற்பனையாளரிடம் இதைக் கேட்டுப் பார்த்து, பில் வாங்கி வையுங்கள்.

வேலி போட்ட பல இடங்களில் அது வேலை செய்யாததற்குக் காரணம் பராமரிப்பு இல்லாததுதான். கம்பியில் புல் தொட்டால் மின் அழுத்தம் இறங்கிவிடும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் ஒரு கோடையில் போய்விடும். யானை கம்பத்தைத் தள்ளிப் பார்க்கும். ஒரு இடத்தில் வழி கிடைத்தால் போதும். தனித்தனி வயலுக்கு வேலி போட்டால் யானை பக்கத்து வயலுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஊர் முழுவதற்கும் ஒரே வேலி, அதைப் பார்த்துக்கொள்ள வாரம் இரண்டு குடும்பம் என்று முறை வைத்த இடத்தில்தான் அது நிலைக்கும். யானைக்குத் தொங்கும் சூரிய மின்வேலி நல்லது. யானை அதிகமாக வரும் ஓசூர்ப் பகுதியில் வனத்துறை இரும்பு வடக் கம்பி வேலி அமைத்திருக்கிறது. பன்றிக்கு இவை போதாது. அது கீழே தோண்டி நுழையும். வலைக்கம்பியை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்தால்தான் நிற்கும்.

பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயை யாரும் தொட வேண்டாம். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, வாய் சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. வயலில் விளையாடும் குழந்தையின் கைக்கும் அது எட்டும்.

வயலில் செய்ய வேண்டியவை

பன்றி இரண்டு கட்டங்களில் அதிகமாக இறங்கும். ஒன்று, மக்காச்சோளமும் நிலக்கடலையும் விதைத்த முதல் சில நாட்கள். விதையை மோப்பம் பிடித்துத் தோண்டும். இன்னொன்று, கதிர் பால் பிடிக்கும்போதும் கடலை காய் பிடிக்கும்போதும். பருவம் முழுவதும் கண் விழிப்பதைவிட இந்த இரண்டு கட்டங்களில் ஊரே சேர்ந்து முறைக்காவல் வைப்பது பலன் தரும்.

ஒரே பட்டமாக, ஒரே வாரத்தில் விதையுங்கள். முன்னும் பின்னுமாக விதைத்தால் விலங்குக்கு மூன்று மாதம் விருந்து. சேர்ந்து விதைத்தால் ஆபத்துக் காலம் சில வாரங்களில் முடியும்.

மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாகச் சில வரிசைகள் போடலாம். ஆமணக்கின் வாடை பயிரின் வாசனையை மறைக்கும், பன்றி அதைத் தின்னாது. நிலக்கடலையைச் சுற்றி முள் உள்ள குசும்பா போடலாம். வனவிலங்கு மேலாண்மைக்கான அகில இந்திய ஆராய்ச்சியில் பரிந்துரைக்கப்பட்ட முறைகள் இவை. சேதத்தைக் குறைக்கும், முழுவதும் நிறுத்தாது.

காட்டை ஒட்டிய முதல் வயல்களில் கரும்பு, வாழை, மரவள்ளி வேண்டாம். மிளகாய், மஞ்சள் போன்ற, யானை விரும்பாத பயிர்களை அங்கே வைத்து, விரும்பும் பயிரை ஊருக்கு உள்ளே தள்ளுங்கள். காட்டோர வயல் ஒருவருக்கு, உள் வயல் இன்னொருவருக்கு என்று இருக்கும் ஊரில் இது எளிதில்லை. காட்டோர வயல்காரருக்கு ஊர் வேலியில் பங்குத் தொகையைக் குறைப்பது போன்ற ஏற்பாட்டைப் பேசி முடிவு செய்யலாம்.

விலை இல்லாத நேரத்தில் முட்டைக்கோஸ், தக்காளியைக் காட்டு ஓரத்திலோ ரோட்டோரத்திலோ கொட்டுவது யானைக்கும் பன்றிக்கும் நாமே ருசி காட்டுவது. திம்பம் சாலையில் கரும்பு லாரியை எதிர்பார்த்து நிற்கும் யானைகள் இப்படித்தான் பழகின. கழிவைக் குழியில் போட்டு எருவாக்குங்கள். தரிசாகக் கிடக்கும் பக்கத்து நிலத்தில் புதர் மண்டியிருந்தால், நில உரிமையாளர் வெளியூரில் இருந்தாலும் ஊராட்சி வழியாகக் கேட்டு அகற்றுங்கள். சமவெளிக் கிராமங்களில் கண்மாய்ச் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பதே பன்றிக்கு எதிரான முதல் நடவடிக்கை.

மாடும் காடும்

2022 மார்ச்சில் காட்டுக்குள் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு என்று திருத்தப்பட்டது. பர்கூர் மலை மாடு வளர்ப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. அந்த இனமே காட்டு மேய்ச்சலில் உருவானது. பட்டி போட்டு மாடு வளர்த்த பரம்பரை உரிமையை வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைத் தீர்மானத்தோடு எழுத்தில் கோர வேண்டும். வாய்ப் பேச்சு நிற்காது.

அதே நேரம், காட்டுப் புல்லுக்கு நம் மாடும் மானும் போட்டி போடுகின்றன என்பதும் உண்மை. கலப்பின மாடுகளையும் ஆடுகளையும் வைத்திருப்பவர்கள் தீவனத்தை வீட்டில் வளர்ப்பது நல்லது. தண்ணீர் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் போடலாம். மானாவாரியில் கொழுக்கட்டைப் புல், தீவனச்சோளம். நேப்பியர் புல்லை யானையும் விரும்பும் என்பதால் வீட்டுப் பக்கம் போடுங்கள். காட்டோர மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டால் நோய் காட்டெருமைக்குப் போகாது.

இழப்பீடும் காப்பீடும்

சேதம் நடந்த அன்றே செய்ய வேண்டியவை: பயிரையும் கால் தடத்தையும் தேதி, இடம் பதிவாகும்படி போனில் படம் எடுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் நகல் வையுங்கள். அலுவலர் பார்க்கும் வரை சேதமான பகுதியை உழ வேண்டாம். குத்தகைதாரர் என்றால் அடங்கலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று விதைத்தவுடனேயே பாருங்கள். சேதத்துக்குப் பிறகு ஓடிப் பயன் இல்லை. தாமதமானால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகையைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு செய்தி. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்கு சேதத்தையும் 2026 காரிஃப் பருவத்தில் இருந்து சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வதற்கு முன், உங்கள் மாவட்டமும் பயிரும் பட்டியலில் உண்டா என்று வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மலைக் கிராமங்களில் போன் சிக்னல் கிடைக்காமல் 72 மணி நேரம் ஓடிவிடும். ஊரில் ஒரு இளைஞரை இந்த வேலைக்கென்று பழக்கி வைப்பது நல்லது.

ஆண்டு முழுவதும் என்னென்ன?

ஜனவரி, பிப்ரவரி: தீத்தடுப்புக் கோடு போடும் பணியில் ஊர் ஆட்கள். ஜனவரி 26 கிராம சபையில் களை அகற்றும் இடங்களைக் கேட்டுத் தீர்மானம்.

மார்ச், ஏப்ரல்: வேலி பேட்டரி, கம்பம் சோதனை. காட்டுத் தீ தெரிந்தால் உடனே தகவல். காட்டின் உட்பகுதித் தொட்டிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்பது.

மே: விதைப்புக்கு முன் ஊர்க் கூட்டம். யார் எங்கே என்ன பயிர், ஒரே பட்டத்தில் விதைப்பு, காவல் முறை.

ஜூன் முதல் செப்டம்பர்: மண் ஈரமாக இருக்கும்போது உண்ணிச்செடி வேர் வெட்டு, மஞ்சள் கொன்றை நாற்றுப் பிடுங்கல், புல் விதைப்பு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் போன ஆண்டு வேலையின் கணக்கு.

அக்டோபர் முதல் டிசம்பர்: கதிர் முற்றும் காலம். முறைக்காவல், யானை நடமாட்டத் தகவலை ஊருக்கு ஊர் பகிர்தல், சேதப் பதிவு. தனி ஆளாக டார்ச் எடுத்துக்கொண்டு யானையை விரட்டப் போக வேண்டாம். போன பயிரை அடுத்த பட்டத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இவற்றில் பாதி வேலை வனத்துறையுடையது, பாதி நம்முடையது. வரும் கிராம சபைக்குப் போகும்போது கையில் இரண்டு தாள்கள் இருக்கட்டும். ஒன்றில், உங்கள் ஊரில் கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதியில், எந்த வயலில், எந்த விலங்கு, எவ்வளவு சேதம் என்ற பட்டியல். இன்னொன்றில், ஊரைச் சுற்றியுள்ள காட்டில் புதர் மண்டிய இடங்களும் முன்பு புல்வெளியாக இருந்த இடங்களும் குறித்த கைப்படம். பெரியவர்களைக் கேட்டால் அந்தப் படத்தை அரை மணி நேரத்தில் வரைந்து தருவார்கள். களை எடுப்பை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல திட்டம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.